பெயர் மாறிப்போன செஸ்ட்நட் மரம்

2023 டிசம்பரில் அமெரிக்கன் செஸ்ட்நட் ஃபவுண்டேஷன் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மரபணு மாற்றிய 'டார்லிங் 58' என்ற செஸ்ட்நட் மரத்துக்கு இத்தனை காலம் கொடுத்துவந்த ஆதரவை விலக்கிக்கொள்கிறோம் என்றது அது. மரபணு மாற்றத்தை எப்போதும் எதிர்க்கிற ஓர் அமைப்பு இப்படிச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தச் சங்கம் அந்த மரத்துக்காகப் பணம் திரட்டியது, பல இடங்களில் நட்டுச் சோதித்தது, காட்டில் விட அனுமதி கேட்ட மனுவுக்குத் துணை நின்றது. அவர்களே பின்வாங்கியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றுதான் என்னை இந்த விவகாரத்தை முழுசாகப் படிக்க வைத்தது. டார்லிங் 58 என்று நினைத்து எல்லோரும் பல ஆண்டுகளாக நட்டு, அளந்து, அரசுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்த மரம் டார்லிங் 58 இல்லையாம். அது டார்லிங் 54.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, அந்த மரம் யாருக்கு என்னவாக இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்கக் கிழக்குக் காடுகளில், வடக்கே மெய்ன் மாநிலத்திலிருந்து தெற்கே அலபாமா, மிசிசிப்பி வரை, அப்பலாச்சியன் மலைத்தொடர் நெடுக நின்ற மரம் அமெரிக்க செஸ்ட்நட். எளிதில் மக்காத கட்டை என்பதால் வேலி, தந்திக் கம்பம், ரயில் பாதைக்கான குறுக்குக்கட்டை, வீட்டுச் சட்டம் என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் வெட்டினார்கள். தோல் பதனிடும் ஆலைகளுக்கும் அதுவே சரக்கு. ஆனால் மலையில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு மரத்தைவிடக் கொட்டைதான் முக்கியம். இலையுதிர் காலத்தில் கூடை கூடையாகப் பொறுக்கி நகரச் சந்தைக்கு அனுப்பிய காசில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கினார்கள், காட்டில் மேய்ந்த பன்றிகள் அதைத் தின்றே கொழுத்தன. செரோக்கி உள்ளிட்ட பழங்குடிகளுக்கு ஐரோப்பியர் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அது உணவும் மருந்துமாக இருந்தது.

1904இல் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் இருந்த செஸ்ட்நட் மரங்களின் பட்டை வெடித்துக் கருகுவதைப் பூங்காவின் வனப் பொறுப்பாளர் ஹெர்மன் மெர்க்கல் கவனித்தார். ஆசியாவிலிருந்து இறக்குமதியான செஸ்ட்நட் கன்றுகளோடு ஒரு பூஞ்சையும் கப்பல் ஏறி வந்திருந்தது. ஆசிய மரங்கள் காலங்காலமாக அதோடு சேர்ந்து வாழ்ந்து பழகியவை, அமெரிக்க மரத்துக்கு அதைப் பார்த்த பழக்கமே இல்லை. பூஞ்சை பட்டைக் கீறல் வழியே நுழைந்து, ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து, பட்டைக்கு அடியில் உள்ள உயிருள்ள திசுவைக் கொல்லும். புண் தண்டைச் சுற்றி வளைத்ததும் அதற்கு மேலே உள்ள பகுதி செத்துவிடும். ஐம்பது ஆண்டுக்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் போய்விட்டன. 1911இல் பென்சில்வேனியா மாநிலம் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்து, நோய் பரவாமல் தடுக்க மரங்களை வெட்டிப் பார்த்தது, 1913இல் கைவிட்டது. எப்படியும் சாகப் போகிற மரம்தானே, கட்டையாவது மிஞ்சட்டும் என்று நல்ல மரங்களையும் வெட்டித் தள்ளினார்கள். அவற்றில் நோயைத் தாங்கக்கூடிய மரங்கள் எத்தனை இருந்தனவோ, இனித் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். இந்த இனம் அழிந்துவிடவில்லை. பூஞ்சை மண்ணுக்குக் கீழே உள்ள வேரைக் கொல்வதில்லை. பழைய வேர்களிலிருந்து இன்றும் தளிர் வருகிறது, சில ஆண்டு வளர்கிறது, நோய் தாக்கிச் சாய்கிறது, மறுபடி தளிர்க்கிறது. அப்படிக் காட்டில் நிற்கும் தண்டுகள் 40 கோடிக்கும் மேல் என்று ஒரு மதிப்பீடு உண்டு. பெரும்பாலானவை பூத்துக் காய்க்கும் அளவுக்கு வளர்வதில்லை, அவ்வளவுதான்.

மரத்தை மீட்க 1983இல் தொடங்கப்பட்டதுதான் செஸ்ட்நட் ஃபவுண்டேஷன். சீன செஸ்ட்நட்டோடு கலந்து, பிறகு மீண்டும் மீண்டும் அமெரிக்க மரத்தோடே கலந்து, சீன மரத்தின் நோய் தாங்கும் குணத்தை மட்டும் தக்கவைப்பது அவர்கள் போட்ட திட்டம். அந்தக் குணம் இரண்டு மூன்று மரபணுக்களில் அடங்கியிருக்கும் என்று நம்பினார்கள். ஆனால் அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது என்று பின்னால் தெரிந்தது, வேலை நினைத்ததைவிட மெதுவானது. இன்னொரு பக்கம் சிரக்யூஸ் நகரத்தில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல், வனவியல் கல்லூரியில் வில்லியம் பவல், சார்லஸ் மேனார்ட் ஆகியோர் வேறு வழியில் போனார்கள். கோதுமையில் ஆக்சலேட் ஆக்சிடேஸ் என்ற நொதியை உருவாக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. அந்த நொதி ஆக்சாலிக் அமிலத்தை உடைத்துக் கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றிவிடும். பூஞ்சை சாகாது, அதன் ஆயுதம் மட்டும் மழுங்கும். இந்த மரபணுவைச் செலுத்தி உருவான பல மர வகைகளுக்கு, திட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்து துணை நின்ற ஹெர்பர்ட் டார்லிங்கின் பெயரை வைத்தார்கள். அவற்றில் தேர்ந்தெடுத்த ஒன்றுதான் 58, இன்னொன்று 54.

மரபணு மாற்றத்தை எதிர்க்கும் பக்கத்திலிருந்து வந்த வாதங்களில் சில எனக்கு ஏற்புடையவை அல்ல. கோதுமை மரபணு என்பதாலேயே கொட்டை நஞ்சாகிவிடும் என்பது அப்படி ஒன்று, அந்த நொதியை நாம் கோதுமையிலும் பார்லியிலும் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கல்லூரி ஆய்வாளர்கள் உதிர்ந்த இலையைத் தின்னும் தலைப்பிரட்டைகள், தேனீ வகைகள், வேர்ப் பூஞ்சைகள் என்று பலவற்றில் சோதித்துப் பார்த்தார்கள், கெடுதல் எதுவும் தென்படவில்லை என்று எழுதினார்கள். காப்புரிமை வைத்துச் சம்பாதிக்கப் போவதில்லை, பொது நன்மைக்காகக் கொடுக்கிறோம் என்றும் சொன்னார்கள். மரபணு மாற்றிய மரங்களில் இதைவிட நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட ஒன்றை எனக்குத் தெரியாது. இந்த விவகாரத்தை எடுத்துக்கொண்டதும் அதனால்தான். இவ்வளவு நல்ல நோக்கமும் இத்தனை கண்காணிப்பும் இருந்த இடத்திலேயே என்ன நடந்தது என்று பாருங்கள்.

2020 ஜனவரியில் கல்லூரி அமெரிக்க விவசாயத் துறையிடம் மனு கொடுத்தது. அவர்கள் கேட்டது 'கட்டுப்பாடு இல்லாத நிலை'. அது கிடைத்துவிட்டால் அந்தத் துறையைப் பொறுத்தவரை இது சாதாரண மரம், எங்கே நட்டார்கள், எப்படி வளர்கிறது, எவ்வளவு தூரம் பரவியது என்று யாரும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும், உணவு என்ற வகையில் உணவு மருந்து நிர்வாகமும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பது வேறு. பப்பாளி, பிளம், ஆப்பிள் போன்ற தோட்ட மரங்களில் மரபணு மாற்றியவற்றுக்கு ஏற்கெனவே அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் காட்டுக்குள் விட்டுத் தானாகப் பரவ வேண்டும் என்பதற்காகவே ஒரு மரபணு மாற்றிய மரத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கேட்டது இதுதான் முதல் முறை. வயலில் மரபணு மாற்றிய பயிர் அண்டை நிலத்துக்குப் பரவினால் அதை விபத்து என்கிறோம், இங்கே பரவுவதுதான் திட்டமே. மகரந்தத்தைச் சங்க உறுப்பினர்களுக்குக் கொடுத்து, அவரவர் நிலத்தில் உயிரோடு நிற்கும் காட்டு செஸ்ட்நட்டில் தூவி, பிறக்கும் கன்றுகளில் பாதிக்கு மரபணு வந்திருக்கும் என்ற கணக்கில் தலைமுறை தலைமுறையாகப் பரப்ப வேண்டும். காற்று கொஞ்சம் செய்யும், பூச்சிகள் கொஞ்சம் செய்யும், புளூ ஜே பறவைகளும் அணில்களும் கொட்டையைத் தூக்கிப் போய் மிச்சத்தைச் செய்யும்.

இந்த மரம் இருநூறு ஆண்டுக்கு மேல் வாழும். சோதனையில் இருந்த மரபணு மாற்றிய மரங்களோ இளங்கன்றுகள், மிகப் பழையதற்கே இருபது வயது ஆகவில்லை. முதிர்ந்த மரத்தில் அந்த மரபணு அதே அளவு வேலை செய்யுமா, நீண்ட வறட்சியில் என்ன ஆகும், நோய்த் தாங்குதிறன் பாதி மட்டும் உள்ள மரங்கள் நிறைந்த காட்டில் பூஞ்சை எப்படி மாறும் என்பதற்கெல்லாம் யாரிடமும் அளந்து பார்த்த பதில் கிடையாது, கணினி மாதிரிகளும் நாற்றங்கால் கணக்கும்தான் உண்டு. அப்புறம் தெற்குப் பகுதிகளில் இந்த மரத்துக்கு இன்னொரு எதிரி இருக்கிறது, வேரை அழுகச் செய்யும் பைட்டோஃப்தோரா. கோதுமை மரபணுவால் அதற்கு எதுவும் செய்ய முடியாது.

இப்போது பெயர் மாறிய கதைக்கு வருகிறேன்.

2023இல் மெய்ன் மாநிலத்து ஆய்வாளர்கள் இந்த மரங்களின் மரபுத்தொடரை, அதாவது டிஎன்ஏவின் எழுத்து வரிசையை, நெருங்கிப் படித்தபோது கணக்கு இடித்தது. டார்லிங் 58இல் கோதுமை மரபணு 7ஆம் குரோமோசோமில், வேறு எந்த மரபணுவையும் கெடுக்காத ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இவர்கள் கையில் இருந்த மரங்களில் அது 4ஆம் குரோமோசோமில் இருந்தது. அதுவும் SAL1 என்று பெயரிடப்பட்ட ஒரு மரபணுவின் உள்ளேயே போய்ச் செருகியிருந்தது, போகிற போக்கில் அங்கிருந்த ஆயிரம் எழுத்துக்கும் மேற்பட்ட ஒரு துண்டும் காணாமல் போயிருந்தது. மற்ற தாவரங்களில் செய்த ஆய்வுகளில், வறட்சி, கடும் வெயில் போன்ற நெருக்கடிக்குச் செடி எப்படி ஈடுகொடுக்கிறது என்பதோடு தொடர்புடையதாக அறியப்பட்ட மரபணு அது. பல ஆண்டு முன்பு எங்கோ ஒரு கட்டத்தில் 54இன் மகரந்தத்தை 58இன் மகரந்தம் என்று நினைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து பிறந்த கன்றுகள் பல மாநிலங்களின் சோதனைத் தோட்டங்களுக்குப் போய்விட்டன.

இதோடு வயலிலிருந்து வந்த செய்தியும் நல்லதாக இல்லை. சில மரங்கள் நோயைத் தாங்கின, சில தாங்கவில்லை. சில குட்டையாகவே நின்றன, சாவும் எதிர்பார்த்ததைவிட அதிகம். கோதுமை மரபணு மரத்தின் எல்லாப் பாகத்திலும் எல்லா நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது, அதற்கு மரம் தன் சக்தியைச் செலவிட வேண்டியிருப்பதும் காரணமாக இருக்கலாம் என்று சங்கம் சொன்னது. கல்லூரி இதை ஏற்கவில்லை. 54இலும் அதே கோதுமை மரபணுதான் இருக்கிறது, அதுவும் நோயைத் தாங்குகிறது, பெயர்க் குழப்பத்தால் அடிப்படை முடிவு மாறாது என்று சொல்லி, மனுவை 54க்கு உரியதாக மாற்றித் தொடர்ந்தது. திட்டத்தின் உயிராக இருந்த வில்லியம் பவல் சங்கத்தின் அறிவிப்புக்கு முந்தைய மாதம்தான் காலமாகியிருந்தார்.

இரண்டு தரப்பில் யார் சரி என்பதைவிட வேறொன்று என்னை உறுத்துகிறது. மனு 2020இல் போனது, பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடந்தது, 2022இல் அரசே வரைவு அறிக்கை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். அதில் ஓர் இடத்திலாவது, தோட்டத்தில் நிற்கும் மரமும் காகிதத்தில் உள்ள மரமும் ஒன்றுதானா என்று ஒரு கிளையை ஒடித்துப் பரிசோதிக்கும் கட்டம் இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட பரிசோதனை மலிவானது, சாதாரண ஆய்வகத்திலேயே செய்யலாம். நடைமுறையில் அது கேட்கப்படவில்லை. பிழை பிடிபட்டது, தங்கள் வேலையைத் தொடர்ந்து செய்த சில ஆய்வாளர்களின் கவனத்தால். அனுமதி ஓரிரு ஆண்டு முன்னதாகக் கிடைத்திருந்தால் மகரந்தம் நூற்றுக்கணக்கான ஆர்வலர்கள் கைக்குப் போயிருக்கும். அதற்குப் பிறகு 54 எங்கெங்கே நிற்கிறது என்று யாராலும் திரட்டிச் சொல்ல முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது. தலைப்பிரட்டைச் சோதனையும் தேனீச் சோதனையும் நல்ல சோதனைகள்தான், ஆனால் இப்போது அவை ஒவ்வொன்றும் எந்த மரத்தில் செய்யப்பட்டவை என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

இது அமெரிக்காவில் மட்டும் வருகிற சிக்கல் இல்லை. சீனா 2002 வாக்கிலேயே பூச்சியைத் தாங்கும் பிடி (Bt, பூச்சியைக் கொல்லும் பாக்டீரியாவின் மரபணு சேர்த்த) பாப்ளர் மரங்களை வணிக அளவில் நட்டது, 10 லட்சத்துக்கும் மேல். குச்சியை வெட்டி நட்டாலே வளரும் மரம் அது. நாற்றங்காலிலிருந்து நாற்றங்காலுக்குக் கைமாறுவதால் எது மாற்றியது எது மாற்றாதது என்று தடம் பிடிப்பது கடினம் என்று சீன வனவியல் நிபுணர்களே சில ஆண்டுகளில் சொன்னார்கள்.

சமூகத் தரப்புக் கவலைகளை அரசின் அறிக்கைகள் பின்னிணைப்பு போலத்தான் நடத்தின, எனக்கு அதில் கோபமே உண்டு. சிரக்யூஸ் நகரம் இருப்பது ஹோடெனோஷோனி கூட்டமைப்பைச் சேர்ந்த ஓனண்டாகா மக்களின் பூர்வீக நிலத்தில். செஸ்ட்நட் காடுகளின் தெற்குப் பகுதி செரோக்கி மக்களுடையது. காட்டில் சேகரிக்கவும் வேட்டையாடவும் ஒப்பந்த உரிமை உள்ள பழங்குடிகள் உண்டு. பக்கத்து நிலத்தில் நட்ட மரத்தின் மகரந்தம் அவர்கள் எல்லைக்குள் வந்தால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்கு என்ன பொருள்? பழங்குடிகளில் இந்த மரத்தை வரவேற்றவர்களும் உண்டு, எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. கருத்துச் சொல்ல அழைப்பது ஒன்று, சம்மதம் கேட்பது வேறு என்பதுதான் அவர்களில் பலர் வைத்த வாதம். வடக்கே கனடாவின் தெற்கு ஒன்டாரியோவிலும் இதே மரம் அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டு நிற்கிறது, எல்லைக் கோடு காற்றுக்குத் தெரியாது. 2019இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிகள் காடுகளின் நலமும் உயிர்த்தொழில்நுட்பமும் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தன. காட்டுக்கு மக்கள் தரும் பண்பாட்டு மதிப்பையும் ஆன்மிக மதிப்பையும் கணக்கில் எடுக்க இப்போதைய ஒழுங்குமுறையில் இடமே இல்லை என்பதை அதுவும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செஸ்ட்நட் ஃபவுண்டேஷனின் மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் கிளையில் பொறுப்பில் இருந்த ஒரு தம்பதி, திரும்பப் பெற முடியாத ஒரு சோதனையைக் காட்டின் மேல் நடத்தக் கூடாது என்று சொல்லி விலகினார்கள். பல ஆண்டு தங்கள் கையால் செஸ்ட்நட் நட்டு வளர்த்தவர்கள் அவர்கள்.

பொது நன்மைக்கு என்ற பேச்சும் பிறகு மங்கியது. மரத்தை வணிக ரீதியாகக் கொண்டுபோக அமெரிக்கன் காஸ்டனியா என்ற தனியார் நிறுவனத்தோடு கல்லூரி ஒப்பந்தம் செய்துகொண்டது. இலாபத்துக்கு என்றால் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இலவசமாகப் பரப்பப் போகிறோம் என்ற நம்பிக்கையில் பல ஆண்டு உழைத்த தன்னார்வலர்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

எதிர்ப்பாளர்கள் ஆரம்பத்திலிருந்தே சொன்ன இன்னொன்று, செஸ்ட்நட் என்பது கதவைத் திறக்கிற மரம், உள்ளே வரக் காத்திருப்பது காகிதக் கம்பெனிகளின் மரம் என்பது. இதைத் தள்ளிவிட முடியாது. ஆர்போர்ஜென் நிறுவனம் உறைபனியைத் தாங்கும் யூகலிப்டஸுக்கு 2011இலேயே அமெரிக்காவில் அனுமதி கேட்டது. 2014இல் அதே நிறுவனத்தின் மரபணு மாற்றிய பைன் மரம் தங்கள் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வராது என்று விவசாயத் துறை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது, பொது விவாதம் எதுவும் இல்லாமல்.

பிரேசிலில் கதவு ஏற்கெனவே திறந்துவிட்டது. சுசானோ என்ற காகிதக்கூழ் நிறுவனத்தின் கையில் உள்ள ஃபியூச்சராஜீன், ஏழு ஆண்டில் வெட்டுகிற யூகலிப்டஸை ஐந்தரை ஆண்டில் வெட்டலாம் என்று ஒரு மரத்தைக் கொண்டுவந்தது. 2015 மார்ச் 5 அன்று நிலமற்றோர் இயக்கத்தைச் சேர்ந்த சுமார் ஆயிரம் பெண்கள் சாவ் பாவ்லோ மாநிலத்தில் இட்டாப்பெச்சினிங்காவில் இருந்த அந்த நிறுவனத்தின் நாற்றங்காலுக்குள் நுழைந்து கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அவர்கள் சொன்னது இதுதான்: வேகமாக வளரும் மரம் தண்ணீரையும் வேகமாக இழுக்கும், தேனீ வளர்ப்பவர்களின் தேனில் அந்த மகரந்தம் கலந்தால் ஏற்றுமதி போகும், தோட்டம் பெருகப் பெருக நிலம் கேட்கும் எங்களுக்கு நிலம் குறையும். அடுத்த மாதமே, ஏப்ரல் 9 அன்று, அனுமதி கிடைத்துவிட்டது. 2021இல் களைக்கொல்லியைத் தாங்கும் யூகலிப்டஸுக்கும் அனுமதி. களைக்கொல்லி தெளித்தால் அக்கம்பக்கத்துச் சிறு விவசாயியின் பயிர் என்ன ஆகும் என்பது தைலமரத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்குச் சான்றிதழ் வழங்கும் எஃப்எஸ்சி (FSC) அமைப்பு தன் முத்திரை பெற்ற காடுகளில் மரபணு மாற்றிய மரங்களை வணிகத்துக்கு நடக் கூடாது என்ற விதியை வைத்திருப்பது ஒன்றுதான் இந்த நிறுவனங்களை இன்னும் கொஞ்சம் தயங்க வைக்கிறது. உயிரினப் பன்மை உடன்படிக்கை நாடுகள் 2008இல் பான் நகரில் கூடி, மரபணு மாற்றிய மரங்கள் விஷயத்தில் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தன. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை.

நம்மிடமும் இப்படி ஒரு மரம் மண்ணில் நிற்கிறது. கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மரபணு மாற்றிய ரப்பரை முதலில் கேரளாவில் நட்டுப் பார்க்க நினைத்தார்கள், மாநில அரசு சம்மதிக்கவில்லை. 2021 ஜூனில் அசாமில் குவாஹாத்தி அருகே சருத்தாரியில் நட்டார்கள். இந்தியாவில் ரப்பரோடு இனக்கலப்பு செய்யக்கூடிய இனம் எதுவும் இல்லை, அதனால் மரபணு பரவாது என்பது அவர்கள் சொன்ன வாதம், அது நியாயமான வாதம். ரப்பர் அமேசானிலிருந்து வந்தது, செஸ்ட்நட் போலக் காட்டுச் சொந்தம் இங்கே அதற்குக் கிடையாது. சரி, ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வேறு கேள்வி உண்டு. மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி ரப்பர் இலையில் சுரக்கும் தேன் துளியிலிருந்து வருகிறது, தோட்டத்துக்குத் தோட்டம் பெட்டி வைத்துப் பிழைப்பவர்கள் அங்கே ஏராளம். அந்தக் கன்று சோதனைத் தோட்டத்தைத் தாண்டி வரும் நாள் வந்தால், பெட்டி வைக்கும் மனிதரிடம் முன்கூட்டியே சொல்வார்களா, ஒட்டுக்கன்று விற்கும் நாற்றங்காலில் எது எந்தக் கன்று என்று ஆய்வகத்தில் பரிசோதித்த சீட்டு இருக்குமா, குளறுபடி நடந்தால் முப்பது ஆண்டு கழித்து யார் பதில் சொல்வது என்பதை அனுமதிக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சிரக்யூஸில் கேட்காமல் விட்டவை இவைதான்.